தொட்டிக்குள்ளே வேருக்கும் காத்து வேணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், மாடித் தோட்டப் பைகளும் நாற்றும் தயாரித்து விற்கும் குழுவின் ஊக்குநர் பேசியது. பேசிய நடையிலேயே தந்திருக்கிறோம்.)



"உங்க குழு பூந்தொட்டி, காய்கறிப் பை எல்லாம் நல்லா பண்ணுதாம், அதைப் பத்தி பத்து நிமிஷம் பேசு" என்று தலைவி அக்கா சொன்னாங்க. நல்லா பண்ணுவதைப் பற்றிப் பேச பத்து நிமிஷம் தேவையில்லை. நாங்க கெடுத்ததைப் பற்றிப் பேசத்தான் நேரம் வேணும். அதைத்தான் பேசப் போகிறேன். ஏன் என்றால், இந்த மண்டபத்தில் குறைந்தது நாலு குழுவாவது இதே தொழிலை ஆரம்பிக்கப் போவதாக என்னிடம் சொல்லியிருக்கீங்க. நாங்க கொடுத்த விலையை நீங்களும் கொடுக்க வேண்டாம்.

எங்க குழுவில் பதினாலு பேர். முந்தின வருஷம் ஆவணி மாசம் ஒரு லட்சம் வங்கிக் கடன் வாங்கி, அதில் அறுபதாயிரத்தை இந்தத் தொழிலில் போட்டோம். 20 லிட்டர் கொள்கிற பை நானூறு வாங்கினோம். தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று விட்டோம். பைக்குள் என்ன போட்டோம்? ஏரிக்கரை ஓரத்துச் செம்மண் மூணு பங்கு, தொழுவுரம் ஒரு பங்கு, நைசான மணல் ஒரு பங்கு. இந்தக் கணக்கைச் சொன்னது நான்தான். எங்க அப்பா வீட்டு நிலத்தில் அந்த மண்ணில் போட்டதெல்லாம் விளையும். அதனால் பையிலும் விளையும் என்று நினைத்தேன். தீர்மானப் புத்தகத்திலும் என் பேர்தான் எழுதியிருக்கு, தப்பிக்க முடியாது.

டவுனில் மாடி வைத்திருக்கிறவங்களுக்கு 160 பை விற்றோம், செடியோடு பை 120 ரூபாய். புரட்டாசி வரைக்கும் செடி கண்ணுக்குக் குளிர்ச்சியா இருந்தது. ஐப்பசி மழை பிடித்தது. பத்து நாள் விடாத மழை. பதினோராம் நாள் இலை மஞ்சளாச்சு. அப்புறம் ஒரு விசித்திரம் நடந்தது. மண் சொதசொதன்னு ஈரமா இருக்கு, செடி மட்டும் தண்ணி இல்லாத மாதிரி துவண்டு தொங்குது. வாங்கினவங்க போன் பண்ணினாங்க. "தண்ணி ஊத்துங்க, கொஞ்சம் உரம் போடுங்க" என்று சொன்னதும் நான்தான். சாகப் போகிற ஆளுக்கு விருந்து வைத்த கதை. ஒரு பையைப் பிரித்துப் பார்த்தோம். வேர் வெள்ளையா இருக்க வேண்டியது, பழுப்பாகி, தோல் உரிந்து, சாக்கடை நாத்தம் அடித்தது.

90 பைக்குப் பணம் திருப்பிக் கொடுத்தோம். 10,800 ரூபாய். வங்கித் தவணை அந்த மாசம் விழுந்துவிடக் கூடாது என்று எங்க பொருளாளர் அக்கா யாரிடமும் சொல்லாமல் காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டினாங்க. அடுத்த வாரக் கூட்டத்தில் வெறும் காதோடு வந்தப்போதான் எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நடந்த சண்டையை இங்கே சொல்ல மாட்டேன். ரெண்டு பேர் குழுவை விட்டே போகிறேன் என்றாங்க.

அப்புறம் வேளாண் அறிவியல் நிலையத்துப் பயிற்சிக்கு மூணு பேர் போனோம். அங்கே சொல்லிக் கொடுத்தது, நாங்களே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டது, ரெண்டையும் சேர்த்துச் சொல்றேன்.

முதல்ல இந்த ஸ்பாஞ்சைப் பாருங்க. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச்தான், கொஞ்சம் பெரிசு. தண்ணியில் முக்கி எடுத்துப் படுக்க வைத்துப் பிடிக்கிறேன். சொட்டுது, சொட்டுது, நின்னுபோச்சு. இப்போ இதை அப்படியே நிமிர்த்தி உயரமா பிடிக்கிறேன். பாருங்க, மறுபடியும் சொட்டுது. நான் பிழியவே இல்லை. உயரம் கூடினதும் மேலே இருந்த தண்ணி இறங்குது. ஆனாலும் அடியில் ஒரு விரல்கடை எப்பவும் நனைந்தே இருக்கும். அந்தத் தண்ணி தானா வெளியே வராது.

தொட்டிக்குள்ளேயும் இதேதான் நடக்குது. நிலத்தில் மழை பெய்தால் தண்ணி கீழே கீழே இறங்கிக்கிட்டே போகும், அடியில் மண் இருக்கு, இழுத்துக்கும். தொட்டியில் அடி என்று ஒன்று வந்துவிடுது. ஓட்டை எத்தனை போட்டாலும் அடிப் பாகத்தில் ஒரு அடுக்கு தண்ணி மண்ணோடு ஒட்டி நிற்கும். மண் எவ்வளவு நைசோ அவ்வளவு உயரத்துக்கு நிற்கும். எங்க செம்மண் பையில் முக்கால் பை வரைக்கும் அப்படி நின்றிருக்கு. வேர் நம்மளை மாதிரி மூச்சு விடுகிற பொருள். காற்றில் ஆக்சிஜன் பரவுகிற வேகத்தோடு பார்த்தால் தண்ணிக்குள்ளே அது பல ஆயிரம் மடங்கு மெதுவாத்தான் பரவும். மண்ணில் இருக்கிற சந்தெல்லாம் தண்ணியால் நிறைந்தால் வேர் மூச்சு முட்டிச் சாகும். செத்த வேர் தண்ணியை உறிஞ்சாது. அதனாலதான் ஈரத்தில் நின்றுகொண்டே செடி வாடுது. வாடுதே என்று நாம இன்னும் ஊத்துகிறோம்.

இங்கே ஒரு அக்கா கேட்பாங்க, "அடியில் ஜல்லிக்கல் போட்டால் போதாதா?" எங்க பாட்டி காலத்திலிருந்து போடுகிறோம். நானும் போட்டேன். ஆனால் நைசான மண்ணுக்குக் கீழே பெரிய கல் இருந்தால், மண்ணில் நிற்கிற தண்ணி கல் சந்துக்குள் லேசில் இறங்காது, மண்ணோட கடைசி ஓரத்தில்தான் நிற்கும். நனைந்த அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் கிட்ட வந்துவிடும். ஓட்டையை மண் அடைக்காமல் இருக்க ஒரு ஓட்டுச் சில்லு, இல்லாட்டி தேங்காய் நார் ஒரு பிடி, அது போதும். கல் அடுக்கு வேண்டாம்.

ஆக, கலவையைத்தான் மாற்றணும். பெரிய பெரிய சந்து இருக்கிற கலவை வேணும். அங்கேதான் பெர்லைட் வருது.

பயிற்சியில் அந்த வெள்ளைக் குருணையைக் காட்டினப்போ எங்க மூணு பேருக்கும் ஒரே நினைப்பு, "இது தெர்மாகோல்தானே?" இல்லீங்க. இது எரிமலைக் குழம்பு ஆறி உண்டான ஒரு கண்ணாடிக் கல். அந்தக் கல்லுக்குள்ளே கொஞ்சம் தண்ணி அடைபட்டு இருக்கு. கல்லை உடைத்து, 850, 900 டிகிரிச் சூட்டில் திடீரென்று காய்ச்சினால், கல் இளகும், உள்ளே இருக்கிற தண்ணி ஆவியாகி வெடித்து விரியும். நெல் பொரிகிறது மாதிரிதான். பொரிந்த பிறகு பழைய அளவைப்போலப் பல மடங்கு பெரிசா, பஞ்சு மாதிரி லேசா ஆகிடுது. ஒரு லிட்டர் படியில் அள்ளினால் ஏறக்குறைய நூறு கிராம்தான் நிற்கும். மேலெல்லாம் குழி குழியா இருக்கிறதால் கொஞ்சம் தண்ணியை ஒட்டி வைத்துக்கும், குருணைக்கும் குருணைக்கும் நடுவில் காற்றுக்கு இடம் விடும். மக்காது, பூச்சி அரிக்காது. புளிப்பும் இல்லை, உவர்ப்பும் இல்லை. சத்தும் ஒரு துளி கிடையாது. இதை உரம் என்று யாராவது விற்றால் நம்பாதீங்க.

தெர்மாகோலா பெர்லைட்டா என்று பார்க்க எளிய வழி, ரெண்டு விரலுக்கு நடுவில் அழுத்தித் தேய்ங்க. பெர்லைட் நறநறவென்று பொடியாகும். தெர்மாகோல் நசுங்கும், பொடியாகாது. சிரிக்காதீங்க, எங்க குழுவிலேயே ஒரு தங்கச்சி டிவி பெட்டியோடு வந்த தெர்மாகோலை உதிர்த்துக் கலந்துவிட்டது, செலவு மிச்சம் என்று. முதல் மழைக்கே எல்லாம் மிதந்து போய் வாடிக்கையாளர் மாடிக் குழாயை அடைத்துவிட்டது.

பெர்லைட் மூட்டையைப் பிரிக்கும்போது தூசி கிளம்பும். மூக்கில் ஏறினால் இருமல், கண் எரிச்சல். நாங்க மூட்டையின் மூலையை மட்டும் வெட்டி, முதல்ல உள்ளே தண்ணி தெளித்து, நனைந்த பிறகுதான் கொட்டுவோம். மூக்குக்கும் வாய்க்கும் துணி கட்டாமல் யாரும் உட்காரக் கூடாது, கட்டாவிட்டால் பத்து ரூபாய் அபராதம். அபராதப் பெட்டியில் இதுவரைக்கும் அதிகமா போட்டது யார் என்று கேட்காதீங்க.

விலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கிலோ கணக்கில் சொல்கிற கடையும் உண்டு, லிட்டர் கணக்கில் சொல்கிற கடையும் உண்டு. எட்டு முதல் பத்து லிட்டர் சேர்ந்தால்தான் ஒரு கிலோ என்பதை மனசில் வைத்து, எப்பவும் லிட்டருக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டு வாங்குங்க. மூட்டை ஈரமா இருந்தால் எடை ஏறியிருக்கும், நாம தண்ணிக்குக் காசு கொடுக்கிற மாதிரி. ரொம்பப் பொடியாப் போன சரக்கும் வேண்டாம். பொடி சந்தை அடைக்கும், அப்போ எதுக்கு வாங்கினோமோ அதே கெட்டுப்போகும். பட்டாணி அளவிலிருந்து கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு வரைக்கும் இருக்கிற குருணை நல்லது.

இன்னொரு குழப்பம், வெர்மிகுலைட். ரெண்டு பேரும் ஒன்று மாதிரி இருக்கா, எங்களுக்கு ஒரு தடவை ஒன்று கேட்டு இன்னொன்று வந்துவிட்டது. வெர்மிகுலைட் தங்க நிறம், தாள் தாளா அடுக்கு அடுக்கா இருக்கும், அதுவும் சூட்டில் பொரிவதுதான். அது தண்ணியை நிறையப் பிடித்து வைக்கும், சத்தையும் கொஞ்சம் பிடித்து வைக்கும், அழுத்தினால் நசுங்கிப்போகும். விதை போடுகிற குழித்தட்டுக்கு அது அருமை. தண்ணி நிற்கிற தொட்டிக்கு வைத்தியமா அதைப் போட்டால் நோய் கூடும். இதில் ஒரு வேடிக்கை பாருங்க, நம்ம திருப்பத்தூர் பக்கம் சேவத்தூரிலேயே வெர்மிகுலைட் சுரங்கம் இருக்கு, தமிழ்நாடு கனிம நிறுவனத்தோடது. பக்கத்து ஊர்க் கல்லை நாங்க பயிற்சிக்குப் போய்த்தான் முதல் முதலா தொட்டுப் பார்த்தோம்.

சரி, பெர்லைட் வந்தாச்சு, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். ரெண்டாவது தப்பு அப்போதான் நடந்தது. பயத்தில் பாதிக்குப் பாதி போட்டோம். தை மாசம் முப்பது பை அப்படிப் போட்டோம், பங்குனி வரைக்கும் நல்லா இருந்தது. சித்திரை வெயில் மாடித் தளத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் ஊத்தினது மதியத்துக்குள் காலி. சாயந்திரம் மறுபடி ஊத்தணும், ஊத்துகிற தண்ணியோடு மண்புழு உரத்துச் சத்தும் ஓடிப்போகும். வேலைக்குப் போகிற ஒரு அம்மா, "என்னம்மா, செடி வளர்க்கச் சொன்னா கைக்குழந்தை வளர்க்கச் சொல்றீங்க?" என்றாங்க. பதினொன்று செடி காய்ந்து போச்சு.

மழையில் மூச்சு முட்டக் கூடாது, வெயிலில் தாகம் எடுக்கக் கூடாது. ரெண்டுக்கும் நடுவில் நிற்கிற அளவைத் தேடித்தான் அடுத்த ரெண்டு மாசம் போச்சு. எங்களுக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தாங்க, அதுதான் இன்றைக்கு நான் சொல்கிறதிலேயே பெரிய விஷயம், இதை மட்டும் குறித்துக்குங்க.

ஐந்து லிட்டர் பிடிக்கிற பிளாஸ்டிக் தொட்டி ஒன்று எடுங்க. அடி ஓட்டையை டேப்பால் ஒட்டுங்க. முந்தின நாளே லேசா ஈரப்படுத்தி வைத்த கலவையை வாய்மட்டம் நிரப்புங்க. அமுக்காதீங்க, தொட்டியை ரெண்டு தட்டு தட்டினால் போதும். ஓரமா மெதுவா தண்ணி ஊத்துங்க, மேலே தண்ணி மினுக்குகிற வரைக்கும். ஒரு மணி நேரம் ஊற விடுங்க, இறங்கினால் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. இப்போ தொட்டிக்குக் கீழே ஒரு பேசின் வைத்து டேப்பைப் பிரிங்க. சொட்டுவது நின்ற பிறகு பேசினில் விழுந்த தண்ணியை அளந்து பாருங்க. எவ்வளவு தண்ணி வெளியே வந்ததோ, அவ்வளவு இடத்தில் இப்போ காற்று போய் உட்கார்ந்திருக்கு. ஐந்து லிட்டர் தொட்டியில் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரைக்கும் வந்தால் நல்ல கலவை. நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு காற்று. எங்க பழைய செம்மண் கலவையை இப்படி அளந்து பார்த்தோம். ஒரு காபி டம்ளர்தான் வந்தது, 150 மில்லி. நூற்றுக்கு மூணு. பொருளாளர் அக்கா அந்த டம்ளரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஒண்ணும் சொல்லலை.

அந்தச் சோதனையை ஆவணி மாசமே செய்திருந்தால் டம்ளரோடு முடிந்திருக்கும்.

இப்போ நாங்க போடுகிற அளவைச் சொல்றேன். எல்லாம் பக்கெட் கணக்கு, எடைக் கணக்கு கிடையாது. எடையில் போட்டால் பெர்லைட் மலை மாதிரி குவிந்துடும்.

பதியன் குச்சி வேர் விட வைக்க, அதாவது ரோஜா, மல்லி, செம்பருத்திக் குச்சிக்கு, தேங்காய் நார்க்கழிவு பாதி, பெர்லைட் பாதி. இதில் சத்து வேண்டாம், வேர் வந்ததும் மாற்றிவிடுவோம். அழுகல் ரொம்பக் குறைந்துபோச்சு. நாற்றுத் தட்டுக்கு நார்க்கழிவு மூணு, சலித்த மண்புழு உரம் ஒன்று, பெர்லைட் ஒன்று. வீட்டுக்குள் வைக்கிற மணிபிளான்ட் மாதிரிச் செடிக்கு நார்க்கழிவு அஞ்சு, மண்புழு உரம் ரெண்டு, பெர்லைட் மூணு. கற்றாழை, அடேனியம் என்றால் பாதிக்கு மேலேயே பெர்லைட்டோ உடைத்த செங்கலோ இருக்கலாம், அதுங்களுக்குத் தண்ணின்னாலே ஆகாது.

காய்கறிப் பைக்கு நாங்க பெர்லைட் போடுகிறதே இல்லை. ஆமாம், நிஜமாத்தான். 20 லிட்டர் பைக்கு நூற்றுக்கு இருபது என்றால் நாலு லிட்டர். நூறு பைக்கு 400 லிட்டர் வாங்கணும். விற்கிற விலையில் அது கட்டுப்படியாகலை. ஒரு பிடி ரெண்டு பிடி போட்டு ஒப்பேத்தலாமா என்றால், அது வீண். கொஞ்சமாப் போட்டால் ஒவ்வொரு குருணையையும் மண் சுற்றி மூடிக்கும், சந்தே உண்டாகாது. போட்டால் உருப்படியாப் போடணும், இல்லாட்டி போடவே கூடாது.

அதுக்குப் பதிலா ரைஸ் மில்லில் கேட்டோம். உமி கிடைக்குது. உமியைக் கரியாக்கினால் உமிக்கரி. முழுக்க எரிந்த சாம்பல் வேற, உமிக்கரி வேற, குழப்பிக்காதீங்க. சாம்பல் வெளுத்த நிறம், மாவு மாதிரி, காரத்தன்மை ஜாஸ்தி, சந்தையும் அடைக்கும். உமிக்கரி கறுப்பா, உமி வடிவம் கெடாமல் இருக்கணும். புகை அடங்கினதும் தண்ணி தெளித்து அணைத்துவிடணும், விட்டால் சாம்பலாப் போயிடும். அதோடு சூளையில் கிடைக்கிற உடைந்த செங்கலைத் தட்டி, பட்டாணி அளவில் சலித்து, தூளைத் தள்ளிவிட்டு எடுத்துக்கிறோம். பைக்குக் கணக்கு, நார்க்கழிவு நாலு, மண்புழு உரமோ மக்கின தொழுவுரமோ மூணு, செம்மண் ஒன்று, உமிக்கரியும் செங்கல் குருணையும் சேர்ந்து ரெண்டு. இதை அளந்தால் ஐந்து லிட்டர் தொட்டியில் முக்கால் லிட்டர் வடியுது. பெர்லைட்டோடு ஒப்பிட்டால் செங்கல் கனம்தான், ஆனால் காசுக்கு இது தாங்குது. உமிக்கரி ஒன்று ரெண்டு வருஷத்தில் நொறுங்கிக் குறையும். பெர்லைட் அப்படி மக்கிப் போகாது, மிதிபடாமல் நசுங்காமல் இருந்தால் அறுவடை முடிந்ததும் சலித்துக் கழுவி வெயிலில் காயவைத்து மறுபடி போடலாம். வேரழுகல் வந்த தொட்டியிலிருந்து மட்டும் எடுக்காதீங்க.

மணல் ஏன் விட்டோம் என்று கேட்டீங்களானால், நைசான மணலும் கல்குவாரித் தூளும் சந்தைத் திறப்பதற்குப் பதிலா அடைக்கத்தான் செய்யுது. அதோட எடை. நனைந்த மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேலே வரும். 20 லிட்டர் பை முப்பது கிலோவைத் தாண்டும். மூணு மாடி ஏறி அதை இறக்கி வைத்தது நம்ம பொம்பளைங்கதான், கூலிக்கு ஆள் வைக்கக் காசு ஏது? இடுப்பு வலின்னு ரெண்டு பேர் படுத்துட்டாங்க. இப்போ அதில் பாதி எடைதான் இருக்கு. வாடிக்கையாளர் மாடித் தளத்துக்கும் அது நல்லது.

நார்க்கழிவைப் பற்றி ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரி பக்கத்து நார் மில்லிலிருந்து கட்டியா வாங்குகிறோம். ஐந்து கிலோ கட்டி ஊறினால் எழுபது லிட்டர் கிட்ட வரும். இதில் உப்பு இருக்கும், நல்ல தண்ணியில் ரெண்டு மூணு தடவை ஊறவைத்துப் பிழியணும். தேத்தண்ணி நிறம் போகிற வரைக்கும் கழுவணும் என்று சிலர் பத்து தடவை கழுவுறாங்க. உப்பு போன பிறகும் அந்த நிறம் வரும், நிறம் செடியைக் கெடுக்காது. தண்ணி வீணாக்காதீங்க. சந்தேகம் இருந்தால் கொஞ்சம் பாசிப்பயறு தூவிப் பாருங்க. பக்கத்தில் சாதா மண்ணிலும் தூவுங்க. முளை கருகாமல் ரெண்டும் ஒன்று போல வந்தால் சரி. பச்சையா இருக்கிற நார்க்கழிவு, மக்குவதற்காகச் செடியோட தழைச்சத்தைப் பிடுங்கிக்கும் என்பதையும் மறக்காதீங்க. சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் போட்டு அடுக்கடுக்கா மக்க வைக்கிற முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லிக் கொடுக்குது, ஒரு டன் கழிவுக்கு அஞ்சு புட்டி வித்து, அஞ்சு கிலோ யூரியா. காளான் வளர்க்கிற குழு நம்ம கூட்டமைப்பிலேயே இருக்கு, அவங்களிடமே வித்து வாங்கலாம்.

கலக்கும்போது இன்னொன்று கவனிச்சோம். பத்து பக்கெட் போட்டுக் கலந்தால் பத்து பக்கெட் வராது, எட்டரை, ஒன்பதுதான் வரும். ஒன்றின் சந்தில் இன்னொன்று புகுந்துக்கும். கலவையைப் பையில் கட்டி விற்கிறவங்க இதைக் கணக்கில் வைக்காட்டி லாபம் என்று நினைத்தது நட்டத்தில் முடியும்.

இப்போ ஒரு விஷயத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கிட்டே வந்தேன். சொல்லிடறேன். போன ஆடி மாசம் எங்க கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. டவுன்காரங்களுக்கு வெள்ளைக் குருணை தெரிந்தால்தான் "நல்ல கலவை" என்று நம்பிக்கை. அதனால் மேலே மட்டும் ரெண்டு பிடி பெர்லைட் தூவி, "பெர்லைட் கலவை" என்று சீட்டு ஒட்டி, இருபது ரூபாய் கூட்டி விற்கலாம் என்றாங்க. அப்படி விற்கிறவங்க இருக்காங்க, நாங்களே வாங்கி ஏமாந்திருக்கோம். எட்டுப் பேர் சரின்னாங்க. எனக்கும் உள்ளுக்குள்ளே ஆசைதான், தவணை பாக்கி கண்ணு முன்னாடி நிற்குது. பொருளாளர் அக்காதான், "மேலே தூவினா தண்ணி ஊத்தின அன்றைக்கே மிதந்து ஓரத்துக்குப் போயிடும், மறுநாள் வாங்கினவங்களுக்கே தெரியும். 90 பேர் வீட்டு வாசலில் நின்று பணம் திருப்பிக் கொடுத்தது மறந்துபோச்சா?" என்று கேட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் பேசலை. இப்போ ஒவ்வொரு பையிலும் எத்தனை பக்கெட் எது என்று எழுதி ஒட்டுகிறோம். உமிக்கரி என்று எழுதினால் மதிப்பு குறையும் என்று பயந்தோம். சிலர் குறைச்சலாத்தான் பார்த்தாங்க, வாங்காமலும் போனாங்க. மிச்ச பேர் வாங்கினாங்க.

போன ஐப்பசியில் மறுபடியும் மழை வந்தது. முதல் ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. விடியற்காலை குடை பிடித்துக்கிட்டு எங்க கொட்டகைக்குப் போனால், பொருளாளர் அக்கா எனக்கு முன்னாடி வந்து ஒவ்வொரு பைக்கும் அடியில் கையை விட்டுப் பார்த்துக்கிட்டிருக்காங்க. தண்ணி வடிஞ்சுக்கிட்டிருந்தது. அந்த மழைக்காலத்தில் 220 பை வெளியே போயிருந்தது. திரும்பி வந்தது ஒன்பது. அதில் ஆறு, ஓட்டையை வாங்கினவங்களே தட்டு வைத்து அடைத்தது. மூணு எங்க தப்பு, கலவையைக் கையால் அமுக்கி அமுக்கி நிரப்பியிருந்தது. புதுசா வந்த தங்கச்சி, அளவு நிறைய இருக்கட்டும் என்று நல்ல மனசில் செய்தது.

அக்காவோட தோடு இந்தத் தை மாசம் மீண்டது. குழுவை விட்டுப் போகிறேன் என்ற ரெண்டு பேரில் ஒருத்தர் திரும்பி வந்துட்டாங்க, ஒருத்தர் வரலை. வங்கிக் கடனில் இன்னும் நாலு தவணை பாக்கி, மேலாளர் ஐயா எதிரிலேயே சொல்றேன், தேதி தவறாது.

சாப்பாட்டுக்கு அப்புறம் பந்தலுக்குப் பின்னாடி மூணு தொட்டி, டேப், பேசின் எல்லாம் வைத்திருக்கேன். ஒன்றில் எங்க பழைய செம்மண் கலவை, ஒன்றில் பெர்லைட் கலவை, ஒன்றில் உமிக்கரிக் கலவை. நேற்று ராத்திரியே ஈரப்படுத்தி வைத்தாச்சு. உங்க ஊர் மண்ணைக் கொண்டு வந்தவங்க அதையும் எடுத்துக்கிட்டு வாங்க, சேர்ந்தே அளந்து பார்ப்போம். அளக்கிறதுக்கு அந்தக் காபி டம்ளரையும் கொண்டு வந்திருக்கேன்.